என் குழம்புக்கு அவர் முகம்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் வீட்டுக்காரர் படத்தைக் காட்டிப் பாருங்கள். "நம்ம பிரியாணி பாய்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்தப் பிரியாணி பாய்க்கு டீ போடத் தெரியாது. வெந்நீர் வைக்கச் சொன்னால், கொதித்துவிட்டதா என்று வந்து பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். அவர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். பிரியாணி முதல் புளிக்குழம்பு வரை ஆக்குகிறவள் நான். ஊருக்கு இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் தினமும் போன் போட்டு, நெத்திலிக்குப் புளி எவ்வளவு, கறிக்குத் தேங்காய் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய், ஆக்கும்போதே போனில் படம் பிடித்து அனுப்பினேன். இதை ஒரு வீடியோ தளத்தில் போட்டுவிடு, தேவைப்படும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்படித்தான் என் சேனல் பிறந்தது. வீடியோவில் என் இரண்டு கையும் குரலும் மட்டும்தான் வரும், முகம் வராது. இதைக் கேட்டதும் சிலர் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். யாரும் எனக்குக் கட்டளை போடவில்லை. எனக்கு முகம் காட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முகத்தை வைத்துக்கொண்டு நான் தாளிப்பதில்லை.

ஆரம்பத்தில் மகளும், அவள் மாமியார் வீட்டுப் பெண்களும், துபாயில் வேலைக்குப் போயிருக்கும் அவர்கள் தோழிகள் சிலரும் பார்த்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. என் கொழுந்தனுக்குப் போதவில்லை. அவன் திருப்போரூரில் கோயில் தெருவுக்குப் பக்கத்தில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறான். மனை விற்பனை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான் உருவாகும். வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் படம் தெரியுமே, தம்ப்நெயில், அதுதான் கடை வாசலில் தொங்குகிற போர்டு என்று எனக்கு வகுப்பு எடுத்தான். நாம் எதுவும் கொடுக்காவிட்டால் வீடியோவிலிருந்தே மூன்று காட்சிகளை எடுத்து, ஒன்றை வைத்துக்கொள் என்று தளம் நீட்டும். நம் இஷ்டத்துக்கு ஒரு படம் செய்து மாட்ட வேண்டுமென்றால் ஒரு போன் நம்பரைக் கொடுத்து, நாம் நாம்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கேஸ் புக் பண்ணவும் ரேஷனுக்கும் பேங்குக்கும் அவர் நம்பர்தான். அதையே, அவர் மெயிலையும் சேர்த்து, இதற்கும் கொடுத்தோம். அவர் கடையில் யாருக்கோ செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே, தளத்திலிருந்து வந்த ஓடிபி நம்பரைப் பஜாருக்கே கேட்கும்படி போனில் கத்தினார். நான் நான்தான் என்பது அவர் போனில் நிரூபணமானது. அதற்குப் பிறகு சேனலுக்கு வருகிற தபால், தந்தி, எச்சரிக்கை எல்லாம் அவருக்குத்தான் போகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கொழுந்தன் செய்துகொண்டு வந்த முதல் படத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளாட்சித் தேர்தலுக்கு அவன் அடித்த பேனர் ஒன்று கைவசம் இருந்திருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. அந்த மாதிரி பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். வேட்பாளர் அம்மா ஓரமாகச் சின்னதாக இருப்பார், அவர் கணவர் நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். அந்தக் கணவரை எடுத்துவிட்டு என் கணவரை வைத்திருந்தான். வேட்பாளர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. எங்கள் வீட்டுக் கல்யாண பேனர்களில் பெண்ணின் போட்டோவுக்குப் பதிலாகப் பூ வைப்பது வழக்கம், அந்த மரியாதையை எனக்கும் செய்திருந்தான். சின்னம் இருந்த வட்டத்துக்குள் என் நெத்திலிக் குழம்பு. பார்க்கிறவர்கள் நெத்திலிக்கு ஓட்டுப் போட வேண்டும் போலிருந்தது.

அவர் முகம் எதற்கு என்று கேட்டேன். "அண்ணி, மூஞ்சி இல்லாத படத்த எவனும் தொட மாட்டான். உங்க மூஞ்சி வேணாம்னு நீங்களே சொல்ட்டீங்கோ. அண்ணன் மூஞ்சி சும்மாதான கீது" என்றான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். சரியென்று விட்டுவிட்டேன்.

கைகூப்பிய படம் எடுபடவில்லை. ஆச்சரியத்தில் வாய் பிளந்த முகம்தான் ஓடுகிறது என்று கொழுந்தன் எங்கோ பார்த்துவிட்டு வந்தான். என் வீட்டுக்காரருக்கு ஆச்சரியப்பட வராது. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும், பல் வைத்தியரிடம் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் அவர் கொட்டாவி விட்டபோது கொழுந்தன் அதைப் போனில் பிடித்துவிட்டான். கண்ணை மட்டும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். அதன் பிறகு மட்டன் பிரியாணி, நண்டு வறுவல், நோன்புக் கஞ்சி எல்லாவற்றையும் பார்த்து அவர் அந்தக் கொட்டாவியைத்தான் விட்டார். அதைப் பார்த்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வந்தவர்கள் எல்லாம் பாயைத்தான் பாராட்டினார்கள். 'பாய் கைப்பக்குவமே தனி' என்று எழுதினார்கள். 'பாய்க்கு ஏன் லேடீஸ் வாய்ஸ்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு இன்னொருவர், மனுஷனைக் குரலை வைத்துக் கிண்டல் செய்வது தப்பு, அது அவர் பிறவி என்று புத்தி சொல்லியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அடுப்பங்கரையில் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு எனக்கு என்னவோபோல் இருந்தது. என் குரலைக் கேட்டுக்கொண்டே, அதற்குச் சொந்தக்காரி ஒருத்தி இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அவரைச் சொல்ல வேண்டும். முதலில் கூச்சப்பட்டார். செருப்பு வாங்க வந்தவர்கள் பிரியாணிக்கு அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டால், உள்ளே போய் ரகசியமாக எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சொல்வார். பிறகு போன் வருவது நின்றது. தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மாமல்லபுரம் பக்கம் கரைக்குப் போனால், மீன்காரர்கள் அவரைச் சுற்றி நின்று பேசுகிறார்கள் என்று வந்து பெருமைப்பட்டார். வஞ்சிரத்துக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆண்டாண்டு காலமாக ஏமாந்து வாங்கி வருகிறவர் அவர்.

மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம். பெண்கள் பந்தி தடுப்புக்கு இந்தப் பக்கம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்கிறது. சமையல் மாஸ்டர் அவரிடம் வந்து, பாய், தம் எப்படி இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்கிறார். இவர் ஒரு வாய் மென்றுவிட்டு, தயிர் கொஞ்சம் முந்திப்போட்டீர்கள் என்கிறார். முந்தின வாரம் நான் வீடியோவில் சொன்ன வார்த்தை அது, ஒரு எழுத்து மாறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், உங்கள் வீட்டுக்காரர் நன்றாக ஆக்குவாராமே, கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைச் சொன்னேன். அந்த மாஸ்டர்தான் கேட்டான், நான் என்ன செய்ய என்றார்.

அதற்குள் கொழுந்தனுக்குத் துளிர்விட்டுப்போயிருந்தது. சுறா புட்டு வீடியோவுக்கு, ஒரு சுறா என் வீட்டுக்காரர் இடுப்பைக் கவ்வுகிற மாதிரி படம் செய்தான், ரத்தம் எல்லாம் வைத்து. நண்டு ரசத்துக்கு, நண்டைப் பிளந்தால் உள்ளே தங்கக் காசு கொட்டுகிற மாதிரி செய்தான். நான் வேண்டாமென்று சொன்னபோதெல்லாம், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அண்ணனும் தம்பியும் போனைத் திருப்பிக் காட்டினார்கள். சேனல் என்னுடையது, ஆனால் போன் அவருடையது.

பிறகு கருவாட்டுத் தொக்கு வந்தது. என் கொழுந்தனுக்கு ஒரு கொள்கை உண்டு. கல்யாண பேனரைப் பார்த்து யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. கண்ணீர் அஞ்சலி வைத்தால் அத்தனை பேரும் நிறுத்தி, நமக்குத் தெரிந்தவரா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இவ்வளவு வருஷம் போர்டு அடித்து அவன் கண்டுபிடித்த உண்மை அது. கருவாட்டுத் தொக்குக்கு அதைத்தான் எடுத்து மாட்டினான். நடுவில் என் வீட்டுக்காரர், கறுப்பு வெள்ளையில். மாலையும் விளக்கும் நம் மார்க்கத்துக்கு ஆகாது என்று கவனமாக எடுத்துவிட்டிருந்தான். மூலையில் கண்ணீர் விடுகிற ஒற்றைக் கண் மட்டும் அப்படியே இருந்தது. கீழே, 'நேற்று வரை நன்றாக இருந்தார்' என்ற வரி. அதற்கும் கீழே, கண்ணுக்கே தெரியாத எழுத்தில் 'கருவாட்டுத் தொக்கு'.

மறுநாள் காலையில் அவருடைய பெரியம்மா மதுராந்தகத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். கதவைத் தட்டினதும் திறந்தவர் இறந்துபோனவரேதான், பனியனோடு, வாயில் பிரஷ்ஷோடு. பெரியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து உள்ளே கூட்டி வந்தோம். என்ன நடந்தது என்று புரிந்ததும் என் வீட்டுக்காரருக்கு ஒரு அறை விட்டார். மய்யித்து பார்க்க, சாவுக்கென்று வந்த வீட்டில் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று இருந்து, அந்தக் கருவாட்டுத் தொக்கையே சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற சொந்தக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லிச் சொல்லி அன்றைய பொழுது போனது.

சாயங்காலம் புது வீடியோ ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. இரண்டு வாரத்துக்கு உங்களால் எதையும் ஏற்ற முடியாது என்று தளம் சொன்னது. அவரிடம் கேட்டேன். "அது ஒன்னும் இல்ல, சும்மா வந்துகினு கீது. எல்லாருக்கும் வரும்" என்றார். என்ன வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுப் போனைப் பிடுங்கினேன். சுறாவுக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. தங்க நண்டுக்கு ஸ்ட்ரைக் என்று ஒரு தண்டனைப் புள்ளி விழுந்திருக்கிறது. கண்ணீர் அஞ்சலிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் அவர் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார். இன்னும் ஒன்று விழுந்தால் சேனல் இருக்காது, அதில் போட்ட அத்தனை வீடியோவும் போய்விடும் என்று எழுதியிருந்தது.

வீட்டு வேலை எதைச் செய்தாலும் சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும். கூட்டினது குப்பையாகும், ஆக்கினது தீர்ந்துபோகும். நான் செய்ததில் நின்றுபோன ஒரே காரியம் அந்தச் சேனல். அது ஒரு சுறாவாலும் ஒரு பொய்ச் சாவாலும் அழியப்போகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நான் இரண்டு பேரையும் பேசின பேச்சை இங்கே எழுத மாட்டேன்.

தளத்தின் விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில்தான் இருந்தது, ஆனால் தமிழ் பேசுகிறவர் யாரும் அந்தத் தமிழைப் பேசியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துக் கடைசியில் ஒரு விஷயம் புரிந்தது. வீடியோவில் இல்லாததைப் படத்தில் இருப்பதாகக் காட்டி ஆட்களை உள்ளே இழுக்கக் கூடாதாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நியாயமாக யாரும் என் சார்பில் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் யாரென்றே தெரியாத ஒரு கம்பெனி.

அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படத்தில் இருக்கிறவர் வீடியோவிலும் இருந்துவிட்டால் தப்பில்லையே. நான் ஆக்கி முடித்ததும் அவர் வந்து சட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவாராம். "நின்னா பத்தாது. ஆக்கணும்" என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வீடியோவை அவர்தான் ஆக்குவார், இல்லையென்றால் இந்தச் சேனலில் இனி அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டேன்.

தடை முடிந்த வாரம் இறால் தொக்கு. கொழுந்தன் படம் பிடித்தான், நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெங்காயம் நறுக்குவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. எண்ணெய் காய்வதற்கு முன்னால் கடுகைப் போட்டார், அது சும்மா கிடந்தது. உப்பு எவ்வளவு என்று என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மசாலாவுக்கு முன்னாலேயே இறாலைக் கொட்டிவிட்டு, வேகவில்லை வேகவில்லை என்று கிளறிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதை அவர் கடையில் செருப்பு சோலுக்கு வைத்துத் தைக்கலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை வெட்டாமல் அப்படியே ஏற்றச் சொன்னேன். படமும் அதிலிருந்தே ஒன்று, வியர்வையோடு கரண்டி பிடித்து நிற்கிறார். தளத்தில் இருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டு வைத்தும் எழுந்து வரவில்லை. என்ன என்று கேட்டேன். படித்துக் காட்டினார். 'பாய்க்கு உடம்பு சரியில்லையா, கை நடுங்குதே' என்று ஒருவர். 'இது நம்ம பாய் கை இல்லை. அவர் வலது மணிக்கட்டுக்கு மேலே சுட்ட தழும்பு இருக்கும்' என்று இன்னொருவர். அதற்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'பழைய கை எங்கே? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து அந்தக் கை வெங்காயம் அரியுறதைப் பார்த்தாதான் எனக்குத் தூக்கம் வரும்.'

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். கறிச் சட்டியை இறக்கும்போது சுட்டுக்கொண்டது. என் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் குனிந்துகொண்டு ஒற்றை விரலால் எதையோ தட்டினார். நெடுநேரம் தட்டினார். பிறகு சாப்பிட வந்தார். அவர் கை கழுவப் போனபோது எடுத்துப் பார்த்தேன். 'அந்த கை என் வீட்டுக்காரம்மா கை. சமைக்கிறது குரல் எல்லாம் அவங்கதான். நான் செருப்பு கடை' என்று இருந்தது.

அன்றைக்கே பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கொட்டாவி, சுறா, தங்கம், ரோஜாப்பூ எல்லாம் போயின. அவற்றின் இடத்தில் தளம் தானாக எடுத்துக் கொடுத்த காட்சியையே வைத்தேன். இயந்திரத்துக்கு எது அழகென்று தெரியாது. ஒன்றில் சட்டி மூடி மட்டும் இருந்தது, ஒன்றில் என் முழங்கை, பலவற்றில் என் கை. கொழுந்தன் பார்த்துவிட்டு, கடையை மூடிவிட்டு வாசலில் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது என்றான். பார்க்கிறவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். உண்மைக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு. விதி எழுதிவைக்கிற அதே தளம்தான், விதியை மீறுகிறவன் கடைக்குக் கூட்டத்தை அனுப்பியும் வைக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. அவர் ஜும்மா முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் சங்கரா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போன் அடித்தது. கையில் சோறு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதியிலிருந்து பேசுகிறோம் என்றது ஒரு ஆண் குரல். வெளியூர்க் கல்யாண கோஷ்டி ஒன்று தங்க வருகிறது, மீன் விருந்து வேண்டும் என்கிறார்கள், வீடியோ எல்லாம் பார்த்தோம், பாய் வந்து நின்று ஆக்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்த ஆள் அவர் எழுதின பதிலைப் படிக்கவில்லை என்று தெரிந்தது. படிக்காதவர்கள்தான் உலகத்தில் அதிகம். இவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். செதில் எடுப்பதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் இல்லீங்கோ. மாஸ்டர் இங்கதான் கீறாங்க. இருங்க, தர்றேன்" என்றார்.

எங்கள் பக்கம் மாஸ்டர் என்றால் தேக்சா, பிரியாணி அண்டா, தூக்குகிற ஆம்பிளைதான். ஒரு பொம்பளையை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கையெல்லாம் செதில். அவரே எழுந்து வந்து போனை என் காதருகே பிடித்தார். அந்தப் பக்கம், ஹலோ, மாஸ்டருங்களா என்று கேட்டது.

"ஆமா, மாஸ்டர்தான் பேசறேன். சொல்லுங்க, எத்தினி பேருக்கு?" என்றேன்.